டியூ பாக்கிக்காக வீட்டு வாசலில் வந்து உட்காரலாமா?

கேள்வி, 2025 ஜூன் 14

அக்கா, அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்திருக்கிறார். வாரம் 650 ரூபாய் டியூ. கணுக்காலில் அடிபட்டு வேலைக்குப் போகாததால் மூன்று வாரம் கட்டவில்லை. நேற்று இரவு 8 மணிக்கு இரண்டு பேர் வந்து, பணம் கைக்கு வராமல் எழுந்திரிக்க மாட்டோம் என்று பத்து மணி வரை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து வாரப் பாக்கி என்று தெருவே கேட்கும்படி சொன்னார்கள். மூன்று வாரம்தான் என்று அம்மா சொன்னதைக் காதில் வாங்கவில்லை. கடன் வாங்கினவர்கள் வாய் திறக்கக் கூடாது, அவர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று, குழுக்கள் கூடும் சென்டரின் லீடரும் சொல்கிறார். அது உண்மையா?

ஜூன் 14, இரவு

உண்மை இல்லை தம்பி. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கை போட்டிருக்கிறது. மிரட்டுவது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்வது எல்லாவற்றுக்கும் அதில் தடை இருக்கிறது. ஏஜென்ட் செய்த தப்புக்கு நிறுவனமே பொறுப்பு.

நாளை வந்தால் மூன்று விஷயம் செய்யுங்கள். அடையாள அட்டையையும், இந்தக் கணக்கை வசூலிக்க நிறுவனம் கொடுத்த கடிதத்தையும் காட்டச் சொல்லுங்கள். பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கையில் கொடுக்காதீர்கள். மற்றது நாளை எழுதுகிறேன்.

ஜூன் 15, காலை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 8 மணி, 7 மணி என்பது தனிநபர் கடன், வண்டிக் கடன் போன்றவற்றுக்கு. அந்தச் சுற்றறிக்கையிலேயே குழுக்கடனை விலக்கியிருக்கிறார்கள். குழுக்கடனுக்கென்று 2022 ஏப்ரல் முதல் தனி விதி இருக்கிறது, அது இன்னும் கறார். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூடாது. ஆக உங்கள் அம்மாவிடம் இரவு 8 மணிக்கு வந்தது எந்தக் கணக்கிலும் தப்பு.

உங்களுக்குப் பாதகமான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். குழுக்கடன் டியூவை இரு தரப்பும் பேசி முடிவு செய்த இடத்தில்தான் வாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ கடன் வாங்கினவர் அந்த இடத்துக்கு வராவிட்டால், வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வர அவர்களுக்கு அனுமதி உண்டு. அம்மா மூன்று வாரம் போகவில்லை. அதனால் “வீட்டுக்கே வரக் கூடாது” என்று வாதாடாதீர்கள், அதில் தோற்பீர்கள். நேரத்தையும், உட்கார்ந்து மிரட்டியதையும் மட்டும் பிடியுங்கள்.

மூன்று வாரமா ஐந்து வாரமா என்ற கணக்குக்கு அம்மாவின் கடன் அட்டைதான் சாட்சி. கடன் வாங்கினவருக்குப் புரிகிற மொழியில் அந்த அட்டையைக் கொடுக்க வேண்டும், கட்டிய ஒவ்வொரு தவணையும் அதில் பதிவாக வேண்டும். புகார் கொடுக்க வேண்டிய அதிகாரியின் பெயரும் எண்ணும் அதிலேயே இருக்க வேண்டும். இன்றைக்கே எடுத்து இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். தாமதக் கட்டணம் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். கட்டாமல் விட்ட தொகைக்கு மட்டும்தான் போடலாம், மொத்தக் கடனுக்கும் போட முடியாது.

ஜூன் 16

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். தெரியாமல் இருந்ததால் வந்த வினைதான்.

எங்களுக்குப் பள்ளிபாளையம். எட்டு தறி ஓடிக்கொண்டிருந்தது. 2019 கடைசியில் தறிக்காக என் வீட்டுக்காரர் பெயரில் 3 லட்சம் தனிநபர் கடன் எடுத்தோம். 2020 மார்ச்சில் எல்லாம் நின்றது. ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னதை, தள்ளுபடி என்று அக்கம்பக்கத்தில் பலர் புரிந்துகொண்டார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். வட்டி அந்த ஆறு மாதமும் ஓடிக்கொண்டே இருந்தது பிறகுதான் தெரிந்தது. அப்புறம் நூல் விலை ஏறியது, கூலி வரவில்லை, 2021 தீபாவளிக்குள் ஐந்து டியூ நின்றுவிட்டது.

முதலில் போன். ஒரு நாளில் இருபது, முப்பது முறை. பிறகு ஓமலூரில் இருக்கும் நாத்தனாருக்குப் போன். பிறகு ஒரு சாயங்காலம் இருட்டின பிறகு மூன்று பேர் பைக்கில் வந்தார்கள். வீட்டுக்கு வருவதற்கு முன்பே தெருமுனை டீக்கடையில் வண்டியை நிறுத்தி, “பணத்தை வாங்கிட்டு ஏமாத்தினாரே, அவர் வீடு எது” என்று விசாரித்திருக்கிறார்கள். எங்கள் வீடு எது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த மாதத்தில் அது மூன்றாவது முறை.

அன்றைக்கு எனக்குக் கடன் பெரிதாகத் தெரியவில்லை. டீக்கடைக்காரரின் முகத்தை நாளை எப்படிப் பார்ப்பேன் என்பதுதான் பெரிதாக இருந்தது. மறுநாள் தாலிக்கொடியை அடகு வைத்து 20,000 ரூபாயை அந்த ஆளின் கையில் கொடுத்தேன். ரசீது நாளைக்கு வரும் என்றார். வரவில்லை. எட்டு மாதம் கழித்துக் கணக்கு விவரம் எடுத்தபோது அந்த 20,000 எங்கேயும் இல்லை. நிறுவனம், அப்படி ஒரு பணம் வரவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. என்னிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

ஜூன் 16, பிற்பகல்

விட்டுப்போனது. என் கண்ணைத் திறந்தது திருச்செங்கோடு நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் இலவச சட்ட உதவி மையம். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, எந்தப் பெண்ணும் போகலாம். நேரில் போக முடியாதவர்கள் 15100க்குக் கூப்பிடலாம்.

ஜூன் 20

நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குப் புகார்க் கடிதம் எழுதத் தம்பி பயப்படுகிறார். எழுதினால் கோபப்பட்டு இன்னும் நாலு பேரை அனுப்புவார்களாம். என் அனுபவம் வேறு. வாசலில் வந்து பேசினவர்களுக்கு நாங்கள் வாசலில் பதில் பேசிய வரையில் எங்கள் குரல்தான் தேய்ந்தது. அவர்களுக்குப் பேச்சுதான் தொழில், நமக்கு அப்படி இல்லை. ஒரு பதிவுத் தபால் போன பிறகு தலைமை அலுவலகத்தில் யாரோ ஒருவர் அந்தக் கோப்பைத் திறந்து பதில் எழுத வேண்டிய கட்டாயம் வந்தது. அடுத்த வாரமே பைக்கில் ஆள் வருவது நின்றது.

பெரிய இங்கிலீஷ் தேவையில்லை. தமிழிலேயே இப்படி எழுதுங்கள்:

“என் கடன் எண் இது. கடனை நான் மறுக்கவில்லை. ஜூன் 13 இரவு 8 மணி முதல் 10 மணி வரை உங்கள் ஆட்கள் இருவர் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து அக்கம்பக்கம் கேட்கும்படி மிரட்டினார்கள். ஐந்து வாரப் பாக்கி என்றார்கள். என் அட்டைப்படி மூன்று வாரம். முழுக் கணக்கு விவரத்தையும், வசூலுக்கு நியமித்த நபர்களின் பெயர், அனுமதிக் கடித நகலையும் அனுப்பவும். இனி காலை 9 மணி முதல் மாலை 6 மணிக்குள் மட்டும் தொடர்புகொள்ளவும். வாரம் இவ்வளவு என்னால் கட்ட முடியும்.”

கடைசி வரி முக்கியம். முடிந்த தொகையைச் சொல்லுங்கள். முடியாததை வாக்குக் கொடுக்காதீர்கள். நான் பயத்தில் மூன்று முறை தேதி சொல்லி மூன்று முறையும் தவறினேன். அதுவே அடுத்த முறை அவர்கள் கையில் ஆயுதம் ஆனது.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவே இல்லை. வக்கீல் வேண்டாம், சொல்லப்போனால் வக்கீல் மூலமாகக் கொடுத்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இணையத்தில் சி.எம்.எஸ் என்ற ரிசர்வ் வங்கியின் புகார் தளத்தில் பதியலாம், சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். சந்தேகம் கேட்க 14448. நிறுவனத்துக்கு எழுதாமல் நேராக அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால்தான் முதலில் இந்தப் பதிவுத் தபால்.

ஜூன் 22

“கடனுக்கு ஜெயில் கிடையாது, தைரியமாக இருங்கள்” என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. பாதியை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வோம்.

பணம் இல்லாமல் தவணை தவறுவது சிவில் விவகாரம், குற்றம் இல்லை. “போலீஸ் ஜீப் கிளம்பிவிட்டது” என்று போனில் சொல்வது வெறும் மிரட்டல். ஆனால் செக் கொடுத்து அது பணமில்லாமல் திரும்பினால் கதை வேறு. திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் அவர்கள் நோட்டீஸ் அனுப்புவார்கள். அது கைக்கு வந்த 15 நாளுக்குள் நாம் கட்டாவிட்டால் வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டு வரை சிறையோ, செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. வங்கிக் கணக்கிலிருந்து தானாக டியூ எடுக்க நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோமே, அது பணமில்லாமல் திரும்பினாலும் 2007ஆம் ஆண்டின் பணப் பட்டுவாடா முறைமைச் சட்டப்படி இதே தண்டனைதான். ஆகவே வக்கீல் நோட்டீஸைப் பிரிக்காமல் பரணில் போடாதீர்கள். நீதிமன்றச் சம்மனை ஒருபோதும் தட்டிக் கழிக்காதீர்கள். லோக் அதாலத், அதாவது மக்கள் நீதிமன்றத்தின் நோட்டீஸ் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, அது பேசி முடிக்கக் கூப்பிடுவது. போய் உட்கார்ந்து நம் நிலைமையைச் சொல்லலாம், ஒத்துவராவிட்டால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வரலாம். கையெழுத்துப் போட்டுவிட்டால் அது தீர்ப்பு மாதிரி, மேல்முறையீடு இல்லை.

இன்னொன்று. சிவில் வழக்கில் அவர்கள் ஜெயித்து நீதிமன்ற ஊழியரான அமீனாவே ஜப்திக்கு வந்தாலும் தொடக் கூடாத பொருட்கள் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள். அதில், மத வழக்கப்படி ஒரு பெண் பிரியக் கூடாத நகையும் வருகிறது. சட்ட உதவி மையத்தில் அந்த அம்மா இதைப் படித்துக் காட்டியபோது நான் அங்கேயே அழுதுவிட்டேன். நீதிமன்றமே கேட்க முடியாத தாலிக்கொடியை, பைக்கில் வந்த ஒருவனின் சத்தத்துக்குப் பயந்து நானே கழற்றிக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 29

வண்டிக் கடன் பற்றி நாலு பேர் கேட்டுவிட்டார்கள். என் தம்பியின் லோடு ஆட்டோவைச் சங்ககிரி அருகே பாதி வழியில் மறித்து, சாவியைப் பிடுங்கி, ஏற்றியிருந்த தக்காளியோடு ஓட்டிக்கொண்டு போனார்கள். டியூ நிற்கும் வண்டியைத் திரும்ப எடுக்க ஒப்பந்தத்திலேயே நிறுவனத்துக்கு உரிமை எழுதியிருக்கும். அதை மறுத்துப் பயனில்லை. ஆனால் அடியாள் வைத்துப் பலவந்தமாக எடுப்பதை உச்ச நீதிமன்றம் 2007லேயே கண்டித்திருக்கிறது. முன் அறிவிப்பு எப்படிக் கொடுப்பார்கள், எடுத்த பிறகு விற்பதற்கு முன் கட்டி மீட்க என்ன வாய்ப்பு என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஒப்பந்த நகல் உங்கள் கையில் இல்லையென்றால் இன்றே கேட்டு வாங்குங்கள்.

என் தம்பி செய்த ஒரே நல்ல காரியம், உடனே காவல் நிலையத்துக்குப் போய் மனு கொடுத்து ரசீது வாங்கியது. வண்டியில் இருந்த ஜாக்கி, தார்ப்பாய், தக்காளிப் பெட்டி வரை எழுதிக் கொடுத்தான். பின்னால் பேச்சுவார்த்தையில் அந்த ரசீதுதான் பேசியது. சரக்குக்கான பணத்தைக் கணக்கில் கழித்துக்கொண்டார்கள்.

ஜூலை 3

தண்டல்காரரிடம் வாங்கியதற்கும் ரிசர்வ் வங்கி விதி வருமா என்று கேட்கிறார் ஒருவர். வராது. அதற்குத் தமிழ்நாட்டுக்கென்று 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. தண்டல், நாள்வட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி என்று பெயர் சொல்லியே தடுத்திருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. எங்கள் பக்கத்தில் தண்டல் என்றால் 9,000 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்குவார்கள். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது, அதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 80 சதவீதம் வட்டி. என் அப்பா காய்கறிக் கடை வைத்திருந்த காலம் முழுக்க இப்படித்தான் கட்டினார்.

2025 ஏப்ரலில் தமிழக சட்டமன்றத்தில், கடன் வசூலில் வலுக்கட்டாயத்தைத் தடுக்கத் தனிச் சட்டமே நிறைவேற்றியிருக்கிறார்கள். மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த எல்லைக்குப் போகும் மனநிலையில் இதைப் படிக்கிற யாராவது இருந்தால், சட்டம் எல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கோ 104க்கோ கூப்பிட்டுப் பேசுங்கள். பணம் பாக்கி வைத்துப் பல ஆண்டு வாழலாம். நாங்கள் வாழ்ந்தோம்.

கடன் ஆப் பற்றி: உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்கள், படங்கள், அழைப்பு விவரம் எதையும் அது தொடக் கூடாது என்பது விதி. படத்தை மாற்றி ஆபாசமாக அனுப்புவோம் என்று மிரட்டினால் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்குச் சொல்லுங்கள், மிரட்டல் வந்த செய்தியை அழிக்காதீர்கள். அசிங்கம் என்று நினைத்து அழிப்பதுதான் அவர்களுக்கு வசதி.

ஜூலை 6

பழைய கடன் பற்றிய கேள்வி நல்ல கேள்வி. கடைசியாகக் கட்டி ஏழு ஆண்டு ஆகிவிட்டது, இப்போது திடீரென்று ஒருவர் கூப்பிட்டு “டோக்கனாக 500 ரூபாய் போடுங்கள், மீதியைப் பேசிக்கொள்ளலாம்” என்கிறாராம்.

அடமானம் இல்லாத கடனுக்கு வழக்குப் போட பொதுவாக மூன்று ஆண்டுதான் கெடு. அந்த மூன்று ஆண்டு முடிவதற்குள் நாம் கொஞ்சம் கட்டினாலோ, கடன் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ, அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு எண்ணப்படும்.

ஜூலை 6, இரவு

மேலே எழுதியதை முழுமையாகச் சொல்லவில்லை. கெடு முடிந்த பிறகு வெறும் 500 ரூபாய் கட்டியதால் மட்டும் செத்த கெடு உயிர் பெறாது. ஆனால் “மீதியைத் தருகிறேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது புதிய ஒப்பந்தம், அதை வைத்து வழக்குப் போடலாம். ஆக ஏழு ஆண்டுக் கடனுக்கு எதையும் எழுதிக் கொடுக்கும் முன் சட்ட உதவி மையத்துக்குப் போய்விட்டு வாருங்கள். ஜூன் 20 அன்று நான் கொடுத்த கடிதத்தில் “கடனை மறுக்கவில்லை” என்று ஒரு வரி இருக்கிறதே, அது ஓடிக்கொண்டிருக்கும் கடனுக்குத்தான். பழைய கடன் உள்ளவர்கள் அதை அப்படியே நகல் எடுக்காதீர்கள். இதை அன்றைக்கே நான் எழுதியிருக்க வேண்டும்.

ஜூலை 21

நேற்று ஈரோடு பஸ் ஸ்டாண்டில் என்னை ஒரு பையன் “அக்கா” என்று கூப்பிட்டான். 2021இல் வந்த மூன்று பேரில் ஒருவன், பேசாமல் பைக்கில் உட்கார்ந்திருந்தவன். என் பணத்தை வாங்கியவன் இல்லை. வேலையை விட்டு இப்போது கூரியரில் இருக்கிறானாம். மாதம் இத்தனை கணக்கு முடிக்காவிட்டால் சம்பளத்தில் பாதி வராது என்றான். இந்த வேலைக்குப் பயிற்சியும் தேர்வும் உண்டு என்பதையே யாரும் சொல்லவில்லையாம். இரண்டாம் நாளே கையில் பட்டியலைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். “டீக்கடையில கேக்கச் சொன்னதே மேனேஜர்தான்க்கா” என்றான்.

நான் இத்தனை நாள் அந்த மூன்று முகத்தையும்தான் வெறுத்துக்கொண்டிருந்தேன். கத்துவது பையன்கள்தான், ஆனால் எங்கே நின்று கத்த வேண்டும் என்று முடிவு செய்தது வேறு ஆள். அதனால்தான் சொல்கிறேன், கடிதத்தை ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள், தலைமை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வாசலுக்கு வருகிறவரிடம் மரியாதையாகப் பேசுங்கள். தண்ணீர் கேட்டால் கொடுங்கள். பணத்தை மட்டும் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

ஜூலை 26

முதலில் கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். நிறுவனத்தின் பதில் வந்துவிட்டது. கணக்கு விவரத்தில் இரண்டு வார டியூ பதிவே ஆகவில்லை. அம்மாவின் அட்டையில் அந்த இரண்டு வாரத்துக்கும் வசூல் செய்தவரின் கையெழுத்து இருக்கிறது. அட்டை நகலைப் பார்த்து 1,300 ரூபாயைச் சேர்த்துக்கொண்டார்கள். பாக்கி மூன்று வாரம்தான், அம்மா சொன்னது சரி. அதை ஆறு வாரத்தில் பிரித்துக் கட்டச் சம்மதித்திருக்கிறார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை அந்தக் கடிதத்தில் இல்லையாம். சென்டரில் இன்னும் நாலு பெண்கள் இப்போது தங்கள் அட்டையை எடுத்து எண்ணிக்கொண்டிருக்கிறார்களாம்.

ஆகஸ்ட் 9

செட்டில்மென்ட் பற்றி எழுதாமல் விட்டேன். நாங்கள் 2023இல் 1,40,000க்குப் பேசி முடித்தோம். தொகை, கட்ட வேண்டிய தேதி, இதற்குப் பிறகு பாக்கி எதுவும் இல்லை என்ற உறுதி மூன்றும் உள்ள கடிதம் கைக்கு வந்த பிறகுதான் கட்டினோம், அதுவும் நேராகக் கடன் கணக்குக்கே. அதில் தப்பு செய்யவில்லை. ஆனால் போன ஆண்டு என் பையனின் கல்விக் கடனுக்குப் போனபோது, நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் “முடிந்தது” என்று இல்லாமல் “செட்டில் செய்யப்பட்டது” என்று இருப்பதை மேலாளர் காட்டினார். முழுதாகக் கட்டாமல் பேரம் பேசி முடித்தது என்று அர்த்தமாம். பையனுக்கு என் அண்ணன் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

செட்டில்மென்ட்டுக்குப் போகும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடன் முடிந்ததும் பாக்கியில்லாச் சான்று வாங்குங்கள். வீட்டுப் பத்திரம் கொடுத்திருந்தால், முழுதும் கட்டிய 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் அவர்கள் தர வேண்டும். என் தாலிக்கொடியைப் பற்றி மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். மீட்டுவிட்டேன்.